விதானையார் நிக்காரா?

என் கணவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவருடைய தாய் ஆசையாக வைத்த, கேட்க நன்றாகவே இருக்கிற பெயர். இப்போது அதைக் கிளினிக்கில், சீனி வருத்தத்துக்கு மருந்து கொடுக்கும் தாதி மட்டும்தான் உரத்துக் கூப்பிடுகிறாள். அவள் கூப்பிட்டாலும் மனிதர் உடனே எழும்புவதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அக்கம் பக்கம் பார்ப்பார். நான்தான் முழங்கையால் இடித்து எழுப்பிவிட வேண்டும். மற்ற எல்லாருக்கும் அவர் விதானையார்.

முழுச் சொல் வட்டவிதானை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்த பரப்பை எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். அந்த வட்டைக்கு ஒரு தலைமை அவர். எப்போது விதைப்பது, எந்த நாளுக்குப் பிறகு மாடு உள்ளே வரக்கூடாது, வேலியில் யாருக்கு எவ்வளவு பங்கு, யானை வந்தால் யார் யார் காவலுக்குப் போவது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் யாருக்கு எப்போது என்று சொல்கிறவர். ஊருக்கு விதானைமார் இருந்த காலம் போய், கிராம சேவையாளர் வந்து, அவருக்கு ஓர் அலுவலகமும் கணினியும்கூட வந்துவிட்டன. வயலில் மட்டும் பழைய சொல் அசையாமல் இருக்கிறது.

போகம் தொடங்குவதற்கு முன் நடக்கும் கூட்டத்துக்குப் பெரிய அதிகாரிகள் வருவார்கள். ஒலிவாங்கி, பூமாலை, சோடா எல்லாம் உண்டு. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு காணி செய்யலாம் என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் பட்டணத்துக்கு, புளியந்தீவுக்குப் போய்விடுவார்கள். விடியற்காலையில் எங்கள் கடப்படியில், வளவு வாசலில், மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடிப்பதற்கு அவர்கள் அகப்படமாட்டார்கள். என் கணவர் அகப்படுவார். சாரத்தை மடித்துக் கட்டியபடி, வாயில் பற்பசை நுரையோடு அகப்படுவார்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். ஒரு சொல் எந்த வாயில் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தால் அதன் பொருள் தானாகத் தெரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். இதை நான் படித்துக்கொண்டது எங்கள் கடப்படியில்தான். எங்கள் வட்டைக்குத் தண்ணீர் தரும் உன்னிச்சைக் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும்போது என் கணவர் ஊருக்குத் தம்பி, மச்சான், மாமா, பெரியப்பா. தேத்தண்ணி குடிக்க வருவார்கள், மாம்பழம் கொண்டுவருவார்கள். தண்ணீர் இறங்க இறங்க உறவுமுறைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். கடைசியில் சொந்த மாமன் மகன்கூட வெளியே நின்று, “விதானையார் நிக்காரா?” என்று கேட்பான். குளத்தின் மட்டத்தை அளக்க அணைக்கட்டில் கோல் நட்டிருக்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. அடுப்படியில் நின்றபடியே யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால் போதும்.

என் தங்கச்சி ஒருத்திதான் எந்த வெயிலிலும் அவரை அத்தான் என்று கூப்பிட்டவள். அவளுடைய கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். கோபமென்றாலும் அத்தான், சிரிப்பென்றாலும் அத்தான். தெருவில் தூரத்தில் போனாலும் தொண்டை கிழியக் கத்துவாள்.

அவர் விதானையானதே ஒரு வேடிக்கை. முன்பிருந்தவர் முழங்கால் வருத்தத்தால் விலகினார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் முண்டினார்கள். வட்டையில் பாதிப் பேர் ஒருவருக்குச் சொந்தம், மீதிப் பேர் மற்றவருக்குச் சொந்தம். கூட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த கூட்டமும் அப்படியே. அப்போதுதான் ஒரு புத்திசாலி எழும்பி என் கணவரைக் காட்டினாராம். “அவர் வந்த மாப்பிள்ள. இஞ்ச அவருக்கு ஒரு சொந்தமும் இல்ல, ஒரு வரம்பும் இல்ல. ஆருக்கும் பக்கம் சாய மாட்டார்.” எல்லாரும் கை உயர்த்திவிட்டார்கள்.

அவர் சொன்னது உண்மைதான். என் கணவர் எழுவான்கரை ஆள். வாவிக்கு அந்தப் பக்கம், கடலோரம். தகப்பன் வாவியில் வலை வீசியவர். கல்யாணம் கட்டும்வரை இவர் ஒரு வயல் வரம்பில்கூட நடந்ததில்லை. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைக்கு எழுதப்படும். ஆகவே வாவிக்கு இந்தப் பக்கம், எங்கள் படுவான்கரையில், என் கணவருக்குச் சொந்தமாக இருந்தது ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு சோடி நல்ல உடுப்பும்தான்.

ஆனால் அவர் நடக்கும் வயல் என்னுடையது. எனக்கு அந்த வட்டையில் பெரியம்மாவின் பிள்ளைகள், மாமாவின் பிள்ளைகள் என்று தடுக்கி விழுந்தால் சொந்தம். எங்கள் வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கூடப்பிறந்தவளின் வயல். இவருக்குச் சொந்தமில்லை என்று கண்டுபிடித்த புத்திசாலியே எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எங்கள் ஊர்க் கணக்கில் காணி பெண்ணுக்கு, கூட்டத்தில் கதிரை ஆணுக்கு. காணிக்காரிகளாகிய நாங்கள் அன்றைக்கு வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தியாவது அங்கே இருந்திருந்தால் இந்தப் பிழையான கணக்கை அப்போதே பிடித்திருப்பாள்.

விதானையான அன்றே ஓர் இரும்புப் பிடி எங்கள் வீட்டுக்கு வந்தது. வாய்க்கால் கதவுகளைத் திருகித் திறக்கவும் மூடவும் அது வேண்டும். முழங்கை நீளம், நல்ல பாரம். அறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருப்பார். வீடு கூட்டும்போதெல்லாம் என் காலில் இடிபடும். நான் திட்டுவேன். அவர் சிரிப்பார். முதல் சில போகங்கள் மழை நன்றாகப் பெய்தது. அந்த இரும்பு எனக்குக் கால் நகத்துக்கு வந்த சனியனாக மட்டுமே இருந்தது.

பிறகு இந்தச் சிறுபோகம் வந்தது, குளத்துத் தண்ணீரை மட்டும் நம்பிச் செய்யும் வெயில்காலப் போகம்.

கச்சான் காற்று வழமைக்கு முந்தியே தொடங்கிவிட்டது. மேற்கிலிருந்து நெருப்பை வாரிக்கொண்டு வருகிற காற்று. காயப்போட்ட சேலை காலையில் நனைத்து எடுத்த மாதிரியே தெரியாது, அரை மணித்தியாலத்தில் அப்பளமாகிவிடும். கூட்டத்தில் சொன்ன தண்ணீர்க் கணக்கு அந்த வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. குளத்தையும் சூரியன் குடிக்கிறது. வயல்கள் எல்லாம் குடலைப் பருவத்தில் நின்றன. கதிர் வெளியே வராமல் தண்டுக்குள்ளே பொதிந்திருக்கும் நேரம் அது. அப்போது ஒரு தண்ணீர் தவறினால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பதர்தான்.

இன்னும் ஒரேயொரு தடவைதான் தண்ணீர் விடலாம், அதுவும் வட்டை முழுக்கப் போகாது என்று இஞ்சினியர் சொல்லி அனுப்பினார். எங்கள் கிளை வாய்க்காலில் கடைசியாக ஒரு கதவு இருக்கிறது. அதற்கு மேலே உள்ள வயல்களுக்கு மட்டும் விட்டால் அவை தப்பும். கதவையும் திறந்து கடைசிவரை விட்டால் எல்லா வயலுக்கும் கால் நனையும், ஒன்றும் விளையாது. எங்கள் வயல் அந்தக் கதவுக்குச் சற்று மேலே. கதவுக்குக் கீழே முதலாவது ஏறாவூர்க்காரர் ஒருவருடையது, முஸ்லிம் ஊர் அது. அதற்கு அடுத்தது என் தங்கச்சியின் வயல். அதற்குப் பிறகு இன்னும் சிலருடையவை.

ஒரு காலத்தில் அந்த மூன்று துண்டும் ஒன்றாக அம்மாவுக்குச் சொந்தமாயிருந்தது. நடுத்துண்டை அம்மா ஏறாவூராருக்கு விற்றுத்தான் எனக்கு வீடு கட்டித் தந்தாள். மேல்துண்டு எனக்கு, கீழ்த்துண்டு தங்கச்சிக்கு. இதில் தங்கச்சி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

இப்போது அவளுடைய முறை. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. வளவுக்குள் மகளுக்கென்று கட்டும் வீடு சுவர் எழும்பி, கதவு நிலைகளுக்கு மேல் கொங்கிறீட்டும் போட்டு, கூரைக்காக நின்றது. கூரையில்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை வரமாட்டான், எங்கள் ஊர்ச் சட்டம் அது. தங்கச்சியின் புருசன் கட்டாரில், வெளிநாட்டு வேலையில். தொலைபேசி வரும், காசு வருவது நின்று போய்விட்டது. அவள் அந்த வெள்ளாமையை நம்பித்தான் மரத்துக்கும் ஓட்டுக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

கமக்காரர் தங்கள் சங்கக் கட்டடத்தில் கூடினார்கள். என் கணவர் வந்து சொன்னதைத்தான் நான் எழுதுகிறேன். இஞ்சினியர் சொன்னதை இவர் எடுத்துச் சொன்னாராம். என்ன செய்வோம் என்று கேட்டாராம். மேலே வயல் உள்ளவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள், கீழே வயல் உள்ளவர்கள் இவரைப் பார்த்தார்கள். கடைசியில் யாரோ மெதுவாகச் சொன்னாராம்: “விதானையார் சொன்னாச் சரி.” அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்த மாதிரி எல்லாரும் தலையாட்டினார்களாம். விதானையார் சொன்னாச் சரி, விதானையார் சொன்னாச் சரி.

எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கடைசிக் கதவை மூடத்தான் வேண்டும். அதைத் தங்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அதற்காகத்தான் ஓர் ஆளைப் பிடித்து, அவருடைய பெயரைப் பறித்து, இந்தச் சொல்லை மாட்டி வைத்திருக்கிறார்கள். விதானை என்றால் முடிவெடுப்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முடிவு முன்னமே எல்லார் வயிற்றுக்குள்ளும் இருந்தது. அதைத் துப்ப ஒரு வாய் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இவர் துப்பினார். கடைசிக் கதவு மூடப்படும் என்று சொன்னார். ஒருவரும் ஏசவில்லை, ஒருவரும் அழவில்லை. மோட்டார் சைக்கிள்களை முடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் தங்கச்சி வந்தாள். எங்கள் வீட்டுக்கு அவள் வருவதென்றால் கடப்பிலிருந்தே கதைத்துக்கொண்டு, அடுப்படிக்குள் நுழைந்து, சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இருப்பாள். அன்றைக்கு வெளியே நின்றாள். குடையை மடக்கவில்லை.

“விதானையார் நிக்காரா?” என்றாள்.

நான் அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். குரல் அவளுடையதுதான். ஆனாலும் யாரென்று எட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. உர மானியத்துக்குக் கமநலக் கந்தோரில் வரிசையில் நிற்பவள் போல நின்றாள். என் கணவர் முன்னுக்கு வந்தார். கதவு எப்போது மூடுவது என்று கேட்டாள். நாளைக்கு விடிய என்றார். தன் வயலில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, மூடிய பிறகு மழை ஏதும் வந்தால் தப்புமா என்று கேட்டாள். அவர் பொய் சொல்லவில்லை. தப்பாது என்றார். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். உள்ளே வாவன் என்று நான் கூப்பிட்டேன். மகள் தனிய இருக்கிறாள் என்று போய்விட்டாள்.

அவள் போன பிறகு இவர் கதிரையில் இருந்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “அத்தான் எண்டு கூப்பிடல்ல,” என்றார். அவருக்குப் பட்டிருந்தது அதுதான். எனக்கு அந்த நேரம் அவர்மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அன்று எங்களுக்குள் நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வயலுக்கு வரும் தண்ணீரை விட்டுக்கொடுப்போம், அதைக் கதவைத் திறந்து அவளுக்கு விடுங்கள் என்றேன். எங்களுக்குச் சம்பளம் இருக்கிறது, ஒரு போகம் போனால் போகட்டும். வயல் என்னுடையது, தண்ணீர் என் பங்கு, நான் கொடுக்கிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவளுடைய வயலுக்குத் தண்ணீர் போவதென்றால் ஏறாவூராருடைய வயலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றார். அவருடைய வெள்ளாமையும் குடலையில்தான் நிற்கிறது. அவர் தன் வரம்பில் நின்று, விதானையாரின் மச்சாளுக்குப் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருநாள் பேச்சோடு போகாது. இரண்டு ஊருக்கும் நடுவில் அந்தப் பேச்சு எங்கெல்லாம் போய் நிற்கும் என்று எனக்கு அவர் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு ஊரும் ஒன்றையொன்று வெட்டி எரித்த அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் வாழ்ந்தவர்கள்தான்.

எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் விடவில்லை. “அவள் என்ட தங்கச்சி,” என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். படித்தவள் என்று பெயர், அந்த நேரம் வேறு ஒரு நியாயமும் வாயில் வரவில்லை.

அவர் எழும்பி அறைக்குள் போனார். அந்த இரும்புப் பிடியை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

“நான் மூடத்தான் வேணும். நான் விதானை. மூடின பொறகு நீ போய்த் திற, புள்ள. நான் கேக்க மாட்டன்.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தந்தார். அதுதான் என்னைக் குழப்பியது.

விடிய அவர் போய்க் கதவை மூடிவிட்டு வந்தார். பிடியைப் பழைய இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்து, மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்குச் சேலை உடுத்திருந்த நான் அந்த இரும்பை எடுத்து ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் குறுக்காக வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் போனேன். யாரும் பார்த்தால் என்ன சொல்வதென்று நான் யோசிக்கவில்லை. திறக்கத்தான் போனேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கதவடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கீழே வாய்க்காலில் ஈரச் சேறு மட்டும். பிடியை மாட்டினேன். நன்றாகப் பொருந்தியது. அப்போதுதான் கீழே வரம்பில் ஏறாவூர்க்காரர் நிற்பதைக் கண்டேன். தொப்பி, மடித்த சாரம், கையில் மண்வெட்டி. விடியத் தொழுதுவிட்டு நேரே வந்திருப்பார். எத்தனையோ வருடம் வரம்புக்கு வரம்பு பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் வரும். எங்கள் பொங்கல் அவர் வீட்டுக்குப் போகும். அவர் என் கையையும் கதவையும் பார்த்தார். யார் அனுப்பினார் என்று கேட்கவில்லை. எதற்காக வந்தேன் என்றும் கேட்கவில்லை. தன் வயலுக்கு அடுத்து யாருடைய வயல் இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

“திறக்கிறண்டா திறங்க, டீச்சர்,” என்றார். “நான் ஒண்டும் கதைக்க மாட்டன்.”

மண்வெட்டியை வரம்பில் வைத்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குத் தன் முகத்தைக் காட்டாமலிருக்க அவர் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். அவருடைய வயலில் இலை நுனிகள் சுருளத் தொடங்கியிருந்தன.

அவர் ஏசியிருந்தால் நான் திறந்திருப்பேன். சத்தம் போட்டு ஆட்களைக் கூட்டியிருந்தாலும் திறந்திருப்பேன், என் புத்தி அப்படி. அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கையில் இரும்பு வியர்த்து வழுக்கியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கிளிகள் கூட்டமாக வந்து மேலே உள்ள வயல்களில் இறங்கிப் பறந்தன. பிறகு பிடியைக் கழற்றினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய், அன்றைக்கு முழுக்கப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். இரும்பு ஸ்கூட்டியிலேயே கிடந்தது.

மேலே உள்ள வயல்கள் விளைந்தன. எங்களுடையதும் விளைந்தது. வெட்டு மெஷின் வந்து எங்கள் வரம்போடு திரும்பிப் போனது. கதவுக்குக் கீழே மாடுகளை விட்டார்கள். தங்கச்சியின் வயலில் மாடுகள் மேய்வதை நான் அந்த வழியால் போகும்போதெல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. மகளின் கல்யாணம் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், பொறுப்போம் என்றார்கள். ஆனால் கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் மழை பெய்து, உள்ளே பசளிக் கொடி படர்ந்துவிட்டது.

நான் எங்கள் நெல்லில் ஒரு பங்கை அனுப்பினேன். திருப்பி அனுப்புவாள் என்று பயந்தேன். அனுப்பவில்லை. வாங்கி, அவித்து, முற்றத்தில் காயப்போட்டு, குற்றிச் சாப்பிட்டார்கள். அரிசி நல்ல அரிசி என்று என்னிடம் சொன்னாள். எங்களுக்குள் சண்டையே இல்லை. கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுவாள், மருந்தெடுக்க என்னோடு பஸ்ஸில் வருவாள், என் தலையில் நரை கூடியதைச் சொல்லிச் சிரிப்பாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அவரைத்தான் விதானையார் என்றாள். வீட்டுக்குள்ளேயே, சோறு போட்டுக் கொடுக்கும்போதுகூட, “விதானையாருக்கு இன்னம் கொஞ்சம் கறி வைக்கட்டா?” என்பாள். அவர் போதும் என்று கையால் மறிப்பார். அவர் அதிகம் சாப்பிடுவதில்லை இப்போது. சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பெரும்போகத்துக்கு முந்திய கூட்டத்துக்கு இம்முறை நானும் போனேன். தங்கச்சியும் வந்திருந்தாள். காணிக்காரிகள் நாங்கள் வர வேண்டும் என்று நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். அதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். அலுவல்கள் எல்லாம் முடிந்ததும் வட்டவிதானை தெரிவு. என் கணவர் எழும்பி, தனக்கு உடம்புக்கு ஏலாது, வேறு ஒருவரைப் போடுங்கள் என்றார். முதல்நாள் என்னிடம் சொல்லிப் பழகிய வசனம்தான்.

முன்பு முண்டிய இரண்டு பேரும்கூட நிலத்தைப் பார்த்தார்கள். அந்தச் சிறுபோகத்துக்குப் பிறகு அந்த இரும்பைத் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வைக்க ஒருவருக்கும் மனமில்லை. அப்போது என் பக்கத்தில் இருந்த தங்கச்சி எழும்பினாள். அவள் சபையில் வாய் திறந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“இவரே இரிக்கட்டும்,” என்றாள். “எனக்கே குடுக்காதவர். வேற ஆருக்கும் களவாக் குடுக்க மாட்டார்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த ஏறாவூர்க்காரர், அதுதான் சரி என்றார். கை உயர்த்துங்கள் என்று முன்னாலிருந்த அதிகாரி கேட்டார். மண்டபம் முழுக்கக் கைகள் எழும்பின. நானும் உயர்த்தினேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரைக் காப்பாற்றுகிறாளா, கட்டிப் போடுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் என் நெஞ்சு கரைந்துவிட்டது. அவள் அவரை விளங்கிக்கொண்டாள், மன்னித்தும் விட்டாள் என்று நினைத்தேன். கண் நிறைந்துவிட்டது.

அவள் இருந்தாள். தலைப்பைச் சரிசெய்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், முன்னாலே பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“அண்டைக்கு நீ கதவடியில நிண்டத நான் கண்டநான், அக்கா.”

அவள் தன் வயலின் மூலையில், மருதமரத்துக்குக் கீழே இருந்திருக்கிறாள். நான் பிடியை மாட்டியதையும் கழற்றியதையும் பார்த்திருக்கிறாள். அவர் மூடின கதவை நான் எப்படித் திறக்கிறது என்று கேட்டேன். எனக்கே அது கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது.

“அவர் விதானை,” என்றாள். “நீ அக்காதானே.”

எண்ணி முடித்து எல்லாரும் கையை இறக்கிவிட்டிருந்தார்கள். என் கை மட்டும் மேலேயே நின்றது. அவள்தான் அதைப் பிடித்து இறக்கி, என் மடியில் வைத்துவிட்டாள்.